முகம் இருக்கிறது, பெயர் எங்கே?

பத்தமடைப் பாயை அறியாத தமிழர் அரியர். தாமிரபரணிப் படுகையில் விளையும் கோரையை வெட்டி, மெல்லியதாகக் கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மீண்டும் காயவைத்துச் சாயமேற்றி, பருத்தி நூற்பாவில் இழை இழையாகக் கோத்து நெய்யப்படுவது அது. பட்டுத் துணியைப் போல் சுருட்டி எடுத்துச் செல்லத்தக்க மென்மை வாய்ந்தது. அதனை நெய்வோர் பெரும்பாலும் நம் சமுதாயத்தைச் சார்ந்த இலெப்பைக் குடும்பத்தினர். அவருள்ளும் பெண்மக்களே மிகுதி. திருமணப் பாயில் மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் நெசவிலேயே எழுத்தாக்கித் தருவது அவர்களுடைய தனித்திறமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நகரத்தில் நடைபெற்ற கைவினைக் கண்காட்சியொன்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நுழைவாயிலை அடுத்த சுவரில் ஆளுயர நிழற்படம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. தறியின் முன் அமர்ந்த ஒரு மூதாட்டி. தலையில் இழுத்துப் போர்த்திய முந்தானை. கன்னத்தில் சன்னல் வழியே விழும் காலை வெளிச்சம். படம் சிறந்த படமே. அதில் குறை சொல்ல இடமில்லை. அதன் கீழே இரண்டு வரிகள் இருந்தன. ‘பாய் நெசவாளி, தமிழ்நாடு’ என்பது முதல் வரி. படமெடுத்தவரின் பெயர் இரண்டாம் வரி. அந்த முகம் நாம் நன்கு அறிந்த முகம். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தாயார் அவர்.

அடுத்த முறை அவ்வூருக்குச் சென்றபோது, “ராத்தா, உங்கள் படத்தை அங்கே பெரிதாக மாட்டி வைத்திருக்கிறார்கள்” என்றோம். படம் எப்படியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. “பேரு போட்டிருக்கா ஆலிம்சா?” என்றுதான் கேட்டார். இல்லை என்றோம். கையிலிருந்த கோரையைப் பாவில் செலுத்திக்கொண்டே, “மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு எல்லாம் நாமதான் நெய்து குடுக்கோம். நம்ம பேரு அவங்களுக்குத் தெரியாமப் போச்சாக்கும்” என்றார்.

அவர் குரலில் சினமில்லை. ஆயினும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. உள்ளூர்க் கலைஞர்களின் முகங்களை நிழற்படமாக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. நெசவாளர், தாயிரா தட்டிப் பாடும் ஃபக்கீர்மார், நாதஸ்வரக் கலைஞர், மரச்சிற்பி, குயவர் என எல்லோரையும் தேடிச்சென்று படமெடுக்கின்றனர். அப்படங்கள் நூல்களிலும் நாட்காட்டிகளிலும் கண்காட்சிகளிலும் இடம்பெறுகின்றன. இவற்றை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? ஒளி, நிழல், அமைப்பு ஆகியவற்றை மட்டும் நோக்கி மதிப்பிடுவது போதுமா? போதாது என்பதே நம் துணிபு. அதற்குரிய காரணங்களை நம்முடைய கல்வி மரபிலிருந்தே எடுத்துரைக்க விழைகிறோம்.

நிழலைப் பற்றிய வழக்கு

முதலில் வாசகர் உள்ளத்தில் எழக்கூடிய வினாவுக்கு வருவோம். உருவப்படம் என்றாலே நம் இல்லங்களில் ஒரு தயக்கம் உண்டு. அத்தயக்கம் வெறும் பழக்கத்தால் வந்ததன்று. உருவம் சமைப்போரைக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழிகள் உள்ளன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்துத் திரைச்சீலையைப் பற்றிய செய்தியை மதரஸாவின் இளநிலை மாணவரும் அறிவர். உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுரை கூறியதும் பதிவாகியுள்ளது.

நிழற்படக் கருவி தோன்றியபின் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ அவர்கள் இதற்கெனவே ஒரு சிறுநூல் எழுதினார்கள். நிழற்படம் எடுப்பது உருவத்தைப் படைப்பதன்று. இறைவன் படைத்த உருவத்தின் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அரபியில் ‘ஹப்ஸுள் ளில்’ என்பர். தமிழில் நாம் வழங்கும் ‘நிழற்படம்’ என்னும் சொல்லும் அதே கருத்தைத் தன்னுள் கொண்டிருப்பது வியப்புக்குரியது. மறுபுறம், தேவ்பந்தின் மாபெரும் அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள், கருவி மாறினாலும் செயல் மாறாது என்று வாதிட்டு, நிழற்படமும் விலக்கப்பட்டதே எனத் தனிநூல் யாத்தார்கள். இருசாராரும் பெரியவர்கள்; இருவரிடமும் சான்றுகள் உள்ளன.

இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. அது நம் தகுதிக்கு அப்பாற்பட்டது. ஹஜ்ஜுக்குச் செல்வோர் கடவுச்சீட்டுக்காகப் படமெடுத்துக்கொள்கின்றனர். இன்று சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில் நூற்றுக்கணக்கான முகங்கள் குடியிருக்கின்றன. படமெடுக்கலாமா என்ற வினா ஒருபுறம் இருக்க, எடுத்த படத்துக்குரிய ஒழுங்கு யாது என்ற வினாவும் நம்முன் நிற்கிறது. முதல் வினாவில் கடுமை காட்டுவோரும் இரண்டாம் வினாவைப் புறக்கணிக்க இயலாது.

சொல்லால் தீட்டிய முகம்

முகத்தை நினைவில் நிறுத்த நம் முன்னோர் கையாண்ட வழி வேறு. அவர்கள் சொல்லால் தீட்டினர். இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களின் ‘ஷமாயில்’ நூலைத் திறந்தால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம், தோள், நடை, சிரிப்பு, உடை ஆகிய யாவும் கண்முன் நிற்கக் காண்கிறோம். ஹஸன் (ரலி) அவர்கள் தம் பாட்டனாரின் தோற்றத்தை எடுத்துரைக்குமாறு தம் தாய்மாமன் முறையினரான ஹிந்த் இப்னு அபீஹாலா (ரலி) அவர்களைக் கேட்கிறார்கள். ஏனெனில், கண்டதைக் கண்டவாறு வருணிப்பதில் ஹிந்த் (ரலி) அவர்கள் வல்லவர்கள். பிற்காலத்தில் துருக்கிய எழுத்தணிக் கலைஞர் ஹாஃபிஸ் உஸ்மான் (இறப்பு 1698) அத்தகைய வருணனையை வட்டமும் சதுரமுமாக அழகுற எழுதி, சுவரில் மாட்டத்தக்க ‘ஹில்யா’ என்னும் வடிவமாக்கினார். ஓவியம் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து வந்து அமர்ந்தது.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று. அந்த வருணனைகளில் எதுவும் தனியாக வருவதில்லை. கண்டவர் யார், அவரிடம் கேட்டவர் யார், கேட்டவரிடமிருந்து எழுதியவர் யார் என்ற பெயர்த்தொடர் அதனுடன் வருகிறது. அதுவே இஸ்னாது. அத்தொடர் அறுந்தால் செய்தி எவ்வளவு அழகாயினும் அதன் நிலை தாழ்ந்துவிடும்.

இம்முறை மார்க்கச் செய்திகளுக்கு மட்டும் உரியதன்று. அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ (இறப்பு 967) தொகுத்த ‘கிதாபுல் அகானீ’ என்னும் பாடல் பெருநூல் பாடகரையும் கவிஞரையும் பற்றியது. அதிலும் ஒவ்வொரு செய்தியும் பெயர்த்தொடருடனேயே வருகிறது. மக்காவின் பாடகர் இப்னு சுரைஜ் மாறுகண் உடையவர், பொய்முடி அணிபவர், பாடும்போது முகத்தின்மேல் திரையிட்டுக்கொள்பவர் என்று அந்நூலால் அறிகிறோம். யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்பதையும் அறிகிறோம். தம் முகத்தை மறைத்துப் பாடியவரைப் பற்றி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நாம் இவ்வளவு அறிந்திருக்கிறோம். ஆளுயரப் படத்தில் முகம் முழுவதும் தெரிய வீற்றிருக்கும் நம் ராத்தாவைப் பற்றி, அப்படத்தின்முன் நின்ற எவரும் ஒன்றும் அறியவில்லை.

கைவினைஞர்பால் நம் முன்னோர் காட்டிய மதிப்புக்கு இன்னுமொரு சான்று கூறலாம். இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வெள்ளியிழை பதித்த பித்தளைக் கெண்டியொன்று உள்ளது. ஹிஜ்ரி 629, அதாவது கி.பி. 1232இல் மோசூல் நகரில் செய்யப்பட்டது. இதனை அணிசெய்தவர் ஷுஜாஃ இப்னு மன்ஆ என்ற பெயர் அக்கெண்டியின் கழுத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அவர் முகம் எப்படியிருந்தது என்பதை யாரும் அறியார். ஆனால் அவர் பெயர், தந்தை பெயர், ஊர், மாதம், ஆண்டு எல்லாம் தெரியும். அங்கே முகமில்லை, பெயர் இருக்கிறது. இன்றைய படங்களில் முகம் இருக்கிறது, பெயரில்லை.

பெயரை அழித்த வழக்கம்

இக்குறை நம் நாட்டில் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில் 1868 முதல் 1875 வரை ‘இந்தியாவின் மக்கள்’ என்ற பொருளில் எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளியாயின. நூற்றுக்கணக்கான நிழற்படங்கள் அவற்றில் உள்ளன. படத்திலுள்ளோரில் பெரும்பாலோர் இன்ன சாதியின் மாதிரி, இன்ன தொழிலின் மாதிரி என்றே குறிக்கப்பட்டனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலிலும் அதே போக்கைக் காணலாம். மூக்கின் நீள அகலங்கள் கூடத் துல்லியமாக அளக்கப்பட்டன. மூக்குக்கு உரியவரின் பெயர் தேவைப்படவில்லை. அந்நூலில் மரைக்காயரும் இலெப்பையும் இடம்பெற்றுள்ளனர் என்பது நினைவிருக்கட்டும்.

ஆட்சி மாறிற்று. அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் தெருவுக்குள் இப்போது யாரும் வருவதில்லை. ஆனால், ‘பாய் நெசவாளி, தமிழ்நாடு’ என்று எழுதும்போது, அன்பினால் எழுதினாலும், அதே பழைய ஏட்டின் ஒரு பக்கத்தையே நாம் மீண்டும் எழுதுகிறோம். மனிதர் மாதிரியாகிவிடுகிறார்.

பமாக்கோவில் நடந்தது

பெயர்த்தொடர் அறுவதால் விளையும் தீங்குக்கு, நம்மைப் போன்றே முஸ்லிம்கள் நிறைந்த இன்னொரு நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜர் ஆற்றங்கரையில், மாலி நாட்டின் தலைநகராக விளங்குவது பமாக்கோ. அவ்வூரில் 1921ஆம் ஆண்டளவில் பிறந்தவர் செய்தூ கெய்த்தா. பள்ளிப்படிப்பு இல்லாதவர், தச்சுத்தொழில் கற்றவர். 1935இல் அவருடைய சிறிய தந்தையார் செனகலிலிருந்து ஒரு கோடாக் பிரௌனி கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். மூந்தகா தெம்பலே என்னும் பள்ளி ஆசிரியர் அவருக்குக் கலை நுணுக்கங்களைக் கற்பித்தார். 1948இல் தம் வீட்டுமனையிலேயே படநிலையம் திறந்தார்.

ஊர்மக்கள் திரண்டு வந்தனர். வீட்டு முற்றத்தில், பகலொளியில், தம் படுக்கை விரிப்பையே பின்திரையாகத் தொங்கவிட்டுப் படமெடுத்தார். பொருட்செலவு கருதி ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே படம். அந்த ஒன்று பழுதுபடலாகாது என்பதால், அமரும் முறையையும் கையின் இடத்தையும் தலையின் சாய்வையும் அவரே பார்த்துப் பார்த்துத் திருத்துவார். வந்தவர்கள் தம்முடைய சிறந்த உடையில் வந்தனர். கடிகாரமும் எழுதுகோலும் வானொலிப் பெட்டியும் படநிலையத்திலேயே கிடைத்தன. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் பெரிய மூக்குக்கண்ணாடியும் அணிந்த ஓர் இளைஞர், ஒற்றை மலரை விரல்களில் ஏந்தி நம்மை நேராக நோக்கும் படம் உலகப் புகழ்பெற்றது. அவ்விளைஞர் எவருக்கும் மாதிரியல்லர். அவர் அவராகவே இருக்கிறார். தாம் எவ்வாறு நினைவுகூரப்படவேண்டும் என்பதை அவரும் படமெடுத்தவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றனர். கலைஞர் முகத்தைப் படமாக்க விழைவோர் இதனைப் பாடமாகக் கொள்ளவேண்டும். குனிந்த தலையையும் வெடித்த விரலையும் மட்டும் தேடி, மேலிருந்து கீழ்நோக்கிப் படமெடுக்கும் நம்மவரின் பழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1960இல் மாலி விடுதலை பெற்றது. 1962இல் கெய்த்தா அரசின் நிழற்படக்காரரானார், படநிலையத்தை விட்டார், 1977இல் ஓய்வு பெற்றார். 1991இல் நியூயார்க்கில் இருபதாம் நூற்றாண்டு ஆப்பிரிக்கக் கலை பற்றிய கண்காட்சியொன்று நடந்தது. அவருடைய படங்கள் அங்கே வைக்கப்பட்டன. கீழே எழுதப்பட்டிருந்தது என்ன தெரியுமா? படமெடுத்தவர் பெயர் தெரியவில்லை என்பதே! பெயருக்குரியவரோ அப்போது பமாக்கோவில் நலமாக வாழ்ந்துகொண்டிருந்தார். படங்களைக் கண்டு வியந்தவர்கள் ஆள் அனுப்பித் தேடியபின்னரே அவர் கண்டுபிடிக்கப்பட்டார். 1994இல் பாரிசில் அவர் பெயரிலேயே கண்காட்சி நடைபெற்றது. 2001இல் மறைந்தார்.

சற்று நினைத்துப் பாருங்கள். தம் ஊரில் கெய்த்தா அறியப்படாதவர் அல்லர். படத்தின் பின்புறத்தில் தம் பெயர் முத்திரை பதிக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. முத்திரையில்லாத நெகட்டிவ்கள் மட்டும் கடல் கடந்தபோது பெயர் பின்தங்கிவிட்டது. அவருக்காவது நீதி கிடைத்தது. அவர் படமெடுத்த மக்களில் மிகப் பலர் இன்றும் ‘தலைப்பின்றி’ என்றே சுவர்களில் தொங்குகின்றனர். மலரேந்திய அந்த இளைஞரும் அவ்வாறே. ஊரில் எல்லோரும் அறிந்திருப்பதால் எழுதிவைக்கத் தேவையில்லை என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? ஊர் அறிந்தது ஊரோடு நிற்கும்; படம் ஊரைவிட்டு வெகுதொலைவு போகும்.

நம்மிடையே பெரும்புகழ் பெற்றவர்களுக்கு இக்குறை நேரவில்லை. இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா (1925–2015) அவர்களின் தொப்பியணிந்த முகத்தைப் பெயரின்றி எவரும் அச்சிட்டதில்லை. ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அவர்களின் படமும் அவ்வாறே. அவர் நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் பயின்ற செய்தியும் உடன் வருகிறது. புகழ் உள்ளவருக்குப் பெயர்த்தொடர் தானாக வந்துவிடுகிறது. புகழ் இல்லாதவருக்கே அதனை நாம் எழுதவேண்டியிருக்கிறது. நாகூர்க் கந்தூரிக் கூட்டத்தில் தாயிரா தட்டும் ஃபக்கீரின் படத்தின் கீழ், ‘ஒரு ஃபக்கீர்’ என்று எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? அவருக்கும் ஒரு ஷைகு உண்டு, ஒரு சில்சிலா உண்டு. பாடலைக் கற்பித்த ஒரு வாய் உண்டு.

ஒரு மறுப்பும் விடையும்

பெரியவர் சிலர் மறுக்கக்கூடும். ‘நம் மரபு பெயரை விரும்பாத மரபன்றோ? தம்மை மறைத்துக்கொள்வதே இறைநேசர்களின் இயல்பு. பெயருக்காகச் செய்வது ரியா ஆகிவிடாதா?’ என்பர். இது நல்ல வினா; எளிதில் தள்ளத்தக்கதன்று. நம் ஆசிரியர்கள் பலர் எழுதிய கிதாபுகளில் தம் பெயரை இடாமலே சென்றதையும் நாம் அறிவோம்.

ஆயினும் ஒருவர் தம் பெயரைத் தாமே மறைப்பது வேறு. பிறர் பெயரை நாம் மறைப்பது வேறு. முன்னது பணிவு, பின்னது உரிமை பறித்தல். ஒருவர் தம் பெயர் வேண்டாமென்று கூறினால் அதனை மதிப்பது கடமை. அவரிடம் கேளாமலே விடுத்துவிட்டு, அவருடைய பணிவின்மேல் பழிபோடுவது முறையாகாது. துருக்கியில் எழுத்தணிக்கலை பயின்ற மாணவர், ஆசிரியரிடம் இஜாஸத் பெறும்வரை தம் எழுத்தின்கீழ்த் தம் பெயரை இடமாட்டார். பெற்றபின் இடுவார். பெயரிடுவது அங்கே தற்பெருமையன்று. இன்ன ஆசிரியரின் பொறுப்பை நான் ஏற்றேன் என்ற ஒப்புதல். ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் முதன்முதலில் கற்பித்தவை பெயர்களே என்று திருமறையில் ஓதுகிறோம். பெயர் அறிதல் அறிவின் தொடக்கம் என்பது நம் நம்பிக்கையின் ஒரு பகுதியன்றோ?

ஆகவே, உள்ளூர்க் கலைஞரின் நிழற்படத்தை மதிப்பிடுமிடத்து மூன்று வினாக்களை எழுப்புவோம். படத்திலிருப்பவரின் இசைவு பெறப்பட்டதா? அவர் தமக்கு உகந்த தோற்றத்தில் இருக்கிறாரா, எடுத்தவருக்கு உகந்த தோற்றத்திலா? பெயரும் ஊரும் ஆசிரியர் பெயரும் நாளும் படத்துடன் பயணம் செய்கின்றனவா? மூன்றுக்கும் விடை சரியாக இருந்தால், ஒளி சற்றுக் குறைந்த படமும் நல்ல படமே. மூன்றும் இல்லையெனில், எவ்வளவு பரிசு பெற்றாலும் அது அரைப்படமே. ஹதீஸ் கலை கற்றவர் மொழியில் சொன்னால், மூல வாசகம் இருக்கிறது, இஸ்னாது இல்லை.

அந்தக் கண்காட்சியை நடத்தியவர்களுக்கு நாம் மடல் எழுதினோம். விடை வந்தது, பணிவான விடைதான். கண்காட்சி முடிந்து படங்கள் கட்டப்பட்டுவிட்டனவாம், அடுத்தமுறை கவனிப்பார்களாம். இக்கட்டுரையில் பெயரைக் குறிப்பிடலாமா என்று ராத்தாவிடம் கேட்டோம். “முதல்ல அந்தப் படத்துக்குக் கீழே வரட்டும் ஆலிம்சா, பிறகு உங்க பத்திரிகையிலே போடலாம்” என்றார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டே இங்கு எழுதாமல் விடுகிறோம்.

இறுதியாக, வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய படங்கள் இருக்கும். பைத்து ஓதிய பாட்டனார், பின்னல் வேலையில் பேர்போன நன்னிமா, மணவிழாவில் பாடிய புலவர், பள்ளிவாசல் கதவைச் செதுக்கிய தச்சர் ஆகியோர் அவற்றில் இருக்கக்கூடும். இந்த வாரமே அப்படங்களை எடுத்துப் பின்புறம் திருப்பிப் பாருங்கள். வெறுமையாக இருந்தால், வீட்டின் மூத்தவரை அருகில் அமர்த்திக் கேட்டு, பெயர், தந்தை பெயர், கற்ற இடம், எடுத்த ஆண்டு ஆகியவற்றை மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள். அழுத்தி எழுதினால் முன்புறத்தில் வடு விழும். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே இதனைச் செய்து முடிக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.